மோன்ஸா, ஷார்லெருவாவா? 1815 ஜூனில் நெப்போலியன் முன் இருந்த வழிகள்

1815 ஜூனில் நெப்போலியனின் வடபடையில் ஏறத்தாழ 1,24,000 பேர். எல்லைக்கு அப்பால் பெல்ஜியத்தில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனும் பிரஷ்யத் தளபதி புளூஹரும் ஒன்றுசேர்ந்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் வேறு ரைன் நதியை நோக்கி வந்துகொண்டிருந்தன.

பாரீஸில் காத்திருந்து மோதலாம் என்பார்கள். 1814இல் சொந்த மண்ணில் சண்டைமேல் சண்டையாக ஜெயித்தும் மார்ச் 31இல் தலைநகரம் கைவிட்டுப் போனது. அதை மறுபடி முயல்வதை ஒரு வழியாகவே என்னால் எண்ண முடியவில்லை.

பெல்ஜியத்துக்குள் நுழைந்து முதலில் தாக்குவதென்றால், போட்டி இரண்டு எல்லையோர நகரங்களுக்குத்தான்: மேற்கே மோன்ஸ், கிழக்கே ஷார்லெருவா. மோன்ஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு நல்ல சாலை. வெலிங்டனைக் கடலிலிருந்து பிரித்துவிடலாம். அவர் பயந்ததும் இதற்கே. 18ஆம் தேதி வாட்டர்லூவில் உயிரைப் பிடித்துக்கொண்டு போராடும்போதுகூட, ஏறத்தாழ 17,000 பேரை மேற்கே ஹால் பக்கம் நிறுத்திவைத்திருந்தார். ஆனால் மேற்கிலிருந்து அடி விழுந்தால் வெலிங்டன் எங்கே ஒதுங்குவார்? கிழக்கே, புளூஹரிடம். பிரிக்க வேண்டிய இருவரை நாமே சேர்த்துவைத்தது போலாகும்.

ஷார்லெருவா அந்த இரு படைகளும் ஒட்டும் மூட்டு. வெலிங்டனுக்கு வழங்கல் கடற்கரையிலிருந்து. புளூஹருக்குக் கிழக்கே லீஜ் நகர் வழியே ரைன் பக்கமிருந்து. மூட்டில் அடித்தால் ஆளுக்கொரு திசையில் பின்வாங்கத் தோன்றும். என் ஓட்டு இதற்குத்தான்.

சறுக்கியது நடத்திய விதத்தில். 15ஆம் தேதி விடியலில் கிளம்பவேண்டிய பிரெஞ்சுத் தளபதி வாந்தாமின் படைப்பிரிவு பல மணி நேரம் அசையவே இல்லை. கட்டளை கொண்டுபோன அதிகாரி குதிரையிலிருந்து விழுந்து காலொடிந்து கிடந்தார். தகவல் போய்ச் சேரவில்லை. நெப்போலியனின் கட்டளைகளைப் பல்லாண்டுகள் கவனித்துவந்த பெர்தியே இறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அவர் இடத்தில் இருந்த சூல்ட்டுக்கு அந்த வேலை புதிது. ஷார்லெருவா பாலம் கைக்கு வர நண்பகல் ஆகிவிட்டது.

அப்படியும் திட்டம் பலித்தது. வெலிங்டன் அன்றிரவு முதலில் படைகளைக் கூட்டச் சொன்னது நிவெலில். அதாவது புளூஹரை விட்டு விலகி. ஆனால் இரு படைகளையும் இணைத்த சாலையிலிருந்த கத்ர்பிரா நாற்சந்தியைக் காலி செய்யாமல் பிடித்துக்கொண்டது டச்சுப் படையின் ரெபெக்கும் பெர்போன்ஷேவும் சொந்தத் துணிச்சலில் எடுத்த முடிவு. மறுநாள் லிக்னியில் தோற்ற பிரஷ்யர்களும் லீஜுக்குத் திரும்பாமல் வடக்கே வாவ்ருக்குப் போனார்கள். வாவ்ரிலிருந்து வாட்டர்லூ சில மணி நேர நடைதான்.