பக்க இணைப்பு: தீம் கோப்பைத் திருத்தலாமா, ஹூக் போடலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயிலின் வேர்ட்பிரஸ் (இணையதளம் நடத்தும் மென்பொருள்) தளம் என் பொறுப்பு. திருவிழாப் படங்களைக் கைபேசியில் தேடும் லயத்து அம்மாக்களுக்கு, அடியில் இருக்கும் ‘ஓல்டர் போஸ்ட்ஸ்’ (பழைய பதிவுகள்) இணைப்பு கண்ணிலேயே படவில்லை. கட்டை விரலுக்கு அடங்கும் பட்டனாக, ‘முந்தைய படங்கள்’ என்று வேண்டுமாம்.

தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமில், பதிவுப் பட்டியலைக் காட்டும் ஆர்கைவ் கோப்பில் நேரடியாகக் கை வைப்பது ஐந்து நிமிட வேலை. தீம் அப்டேட் ஆனால் அத்தனையும் அழிந்துவிடும். எனக்குத் தைப்பூசத்துக்கு முதல் நாள் அழிந்தது.

ஹூக் என்பது வேர்ட்பிரஸின் வேலைக்கு நடுவே நம் நிரலை மாட்ட விடும் கொக்கி; அதில் ஒரு வகை ஃபில்டர். இந்த வழியில், சைல்டு தீமின் (மூலத் தீம் கோப்புகளைத் தொடாமல் நம் மாற்றங்களை வைக்கும் துணைத் தீம்) ஃபங்ஷன்ஸ் கோப்பில் ‘நெக்ஸ்ட்_போஸ்ட்ஸ்_லிங்க்_அட்ரிபியூட்ஸ்’ ஃபில்டருக்கு நம் ஃபங்ஷனைக் கோத்து, கிளாஸை (தோற்றத்தை மாற்றப் பிடியாகும் பெயர்) class="..." என்ற முழு வடிவில் ரிட்டர்ன் செய்ய, அதாவது திருப்பித் தர வேண்டும். அளவும் நிறமும் சிஎஸ்எஸ் (தோற்றத்தை வகுக்கும் மொழி) வேலை. அப்டேட் இதைத் தொடாது. ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும். வேர்ட்பிரஸுக்கு ‘நெக்ஸ்ட்’ என்றால் பழைய பதிவுகள். நான் ‘ப்ரீவியஸ்’ ஹூக்கில் போட்டுவிட்டு ஒரு ராத்திரி முழுக்க முழித்தேன். ரிட்டர்னை மறந்தாலோ எரர் எதுவும் வராது, கிளாஸ் மட்டும் காணாமல் போகும்.

பட்டனின் தோற்றத்துக்கு நான் ஹூக் பக்கம்தான். சொல்லை மாற்ற மட்டும் அந்த ஃபில்டர் உதவாது. கெட்டெக்ஸ்ட் ஃபில்டர் உண்டு, ஆனால் மொழிபெயர்ப்புக்குப் போகும் ஒவ்வொரு சொல்லுக்கும் அது ஓடும், கொசுவுக்குப் பீரங்கி. ஆர்கைவ் கோப்பைச் சைல்டு தீமுக்குள் நகலெடுத்து, அங்கே சொல்லைத் திருத்திவிட்டேன்.