வாரம் ஒரு பக்கெட்டா, மாதம் ஒரு முழுக் கழுவலா?

நம் வீடுகளில் மீன்தொட்டித் தண்ணீர் மாற்றுவது மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வைபவம். மீன்களை வலையில் அள்ளி பக்கெட்டில் விட்டு, தண்ணீரை மொத்தமாக இறைத்து, கல்லைத் தேய்த்துக் கழுவி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்தெடுப்போம். தொட்டி பளபளக்கும். இரண்டு நாளில் ஒரு மோலி மீன் செத்து மிதக்கும். 'நமக்கு மீன் ராசி இல்லை' என்போம்.

ராசியை விடுங்கள், கணக்கைப் பார்ப்போம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் கல் போகச் சுமார் 50 லிட்டர் நிற்கும். கழிவும் மிஞ்சிய தீனியும் மீனுக்கு விஷமான அம்மோனியா ஆகும். ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட் வாரத்துக்கு 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) ஏறுவதாக வைத்துக்கொள்வோம். வாரம் கால் பங்கு, அதாவது ஒரு பக்கெட் மாற்றி வந்தால், அது போகப்போக 40-ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிடும்; மாற்றியதும் 30. நான்கு வாரத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றினாலும் உச்சம் அதே 40தான். செலவாகும் தண்ணீரும் அதே 50 லிட்டர்தான்.

அப்புறம் ஏன் மோலி செத்தது? ஒரே மணி நேரத்தில் 40-இலிருந்து 0. கூடவே வெப்பமும் பிஹெச்சும் (தண்ணீரின் அமில-கார அளவு) மாறுகின்றன. போதாக்குறைக்கு, குளோரின் கலந்த குழாய்நீரில் ஸ்பாஞ்சைப் பிழிந்து பாக்டீரியாவையும் ஒழித்தாயிற்று. அடுத்த நாள் வரும் அம்மோனியாவைத் தின்ன ஆளில்லை.

'குறைந்ததை மட்டும் ஊற்றுகிறேன், நன்றாகத்தானே இருக்கின்றன' என்பவர்கள் உண்டு. ஆவியாவது வெறும் தண்ணீர். உப்பு தொட்டியிலேயே தங்கும். போர் தண்ணீர் என்றால் ஒவ்வொரு ஊற்றலும் உப்பைக் கூட்டும். பழைய மீன்கள் மெல்லப் பழகிவிடும். கடையிலிருந்து வரும் புது மீன்தான் படுத்துவிடும், பழி கடைக்காரர் தலையில்!

தினமும் மாற்றுவது டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்களுக்கும், குஞ்சுகளுக்கு நாளெல்லாம் தீனி போடுபவர்களுக்கும். கப்பி, டெட்ரா வைத்திருக்கும் வீட்டுக்கு அது வீண் வேலை. செடி அடர்ந்து, மீன் கொஞ்சமாக இருக்கும் தொட்டி மாதக்கணக்கில் தாங்கும், உண்மைதான். ஒற்றை வாலிஸ்னேரியாச் செடியை நட்டுவிட்டு அதை எதிர்பார்க்கக் கூடாது.

என் ஓட்டு வாரம் ஒரு பக்கெட்டுக்கே. மீனைப் பிடிக்க வேண்டாம். டியூபைக் கல்லுக்குள் விட்டு அடியழுக்கோடு இழுங்கள். இழுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு பிழி பிழிந்தால் போதும். புதுத் தண்ணீர் குளோரின் போட்டதென்றால் ஒரு நாள் திறந்து வையுங்கள், அவசரமென்றால் ஆன்டி குளோரின் சொட்டு. ஆறு மாதமாகக் கைவைக்காத தொட்டியா? அதற்கு முதல் நாளே கால் பங்கு கூட அதிகம். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஐந்து லிட்டராக ஆரம்பியுங்கள்.