வெதுநீர் மீன்களுக்குப் பூச்சி ஃபிளை கட்டுதல்: நீண்ட காலப் பயன்பாட்டில் நின்றவையும் நிற்காதவையும்

டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரைச் சுற்றியுள்ள ஆறுகளிலும் குளங்களிலும் புளூகில், ரெட்பிரெஸ்ட், லார்ஜ்மௌத் பாஸ், குவாடலூப் பாஸ் ஆகிய மீன்களைப் பிடிப்பதற்கான ஃபிளைகளைப் பல ஆண்டுகளாக நானே கட்டிவருகிறேன். தூண்டில் முள்ளின் மேல் இறகு, கம்பளி, ரப்பர், ஃபோம் முதலியவற்றை நூலால் சுற்றிப் பூச்சிபோல் அமைக்கும் இந்தக் கைவேலைக்குக் கடைகளில் கிடைக்கும் பொருள்களுக்குக் கணக்கே இல்லை. அவற்றுள் எவை ஆண்டுக்கணக்கில் கைகொடுத்தன, எவை ஒரே கோடையில் வீணாயின என்பதை, புதிதாகத் தொடங்க விரும்புவோருக்காக இங்கே எழுதுகிறேன். இத்தனை காலப் பயன்பாட்டில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: இந்த மீன்களைப் பொறுத்தவரை, ஃபிளை ஒரு பூச்சியை அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டியதில்லை. அது தண்ணீரில் இறங்கும் வேகமும், சும்மா நிற்கும்போதுகூட அதன் கால்கள் அசைவதும், பல மீன்கள் கடித்த பின்னும் அது குலையாமல் இருப்பதுமே அதன் தகுதியைத் தீர்மானிக்கின்றன.

இதற்குக் காரணம் புளூகில் இரை எடுக்கும் முறையிலேயே இருக்கிறது. குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரவுட், ஒரு குறிப்பிட்ட பூச்சி கூட்டமாக வெளிவரும் வேளையில் அதை மட்டுமே தேடித் தின்பதுண்டு. ஃபிளை கட்டுவது பற்றிய பெரும்பாலான பாடங்கள் அந்த மீனை மனத்தில் வைத்தே சொல்லப்படுவதால், இறக்கையின் நிறம், வாலின் நீளம் என்று நுணுக்கங்கள் பெருகிவிட்டன. புளூகில் அப்படியன்று. எறும்பு, வண்டு, ஊசித்தட்டானின் நீர்வாழ் இளம்பருவம், சிறு நத்தை என்று வாய்க்கு அடங்கிய எதையும் அது தின்னும். ஆனால் பாய்ந்து கவ்வாது. இரையின் அருகே வந்து, அந்தரத்தில் நின்று, உற்றுப் பார்த்துவிட்டு, வாயைத் திடீரென விரித்துத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். அந்த உறிஞ்சல் மிகக் குறுகிய தூரத்துக்குத்தான் எட்டும். ஆகவே வேகமாக மூழ்கும் ஃபிளை அதன் பார்வையில் படுமே தவிர வாய்க்குள் போகாது. நீளமான வாலுள்ள ஃபிளையின் வால் நுனி மட்டுமே உறிஞ்சப்படும், முள் வெளியே நின்றுவிடும். 1950-ஆம் ஆண்டு அலபாமாவின் கெட்டோனா ஏரியில் பிடிபட்டு உலகச் சாதனையாகப் பதிவான புளூகில் 4 பவுண்டு 12 அவுன்சு எடையுள்ளது. இருந்தும் இந்த இனத்தின் வாய் உடலுக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குச் சிறியது என்பதை முள் வாங்கும்போதெல்லாம் நினைவில் வைக்க வேண்டும். 8, 10, 12 ஆகிய எண்களுக்குள் என் புளூகில் முட்கள் அனைத்தும் அடங்கிவிடுகின்றன. எண் கூடக்கூட முள் சிறிதாகும்.

நான் மிகுதியாகக் கட்டுவதும் மிகுதியாக இழப்பதும் சிலந்தி வடிவிலான ஒரு ஃபிளைதான். 10-ஆம் எண் நீண்ட தண்டு முள்ளின் நடுப்பகுதியில் ஈயமில்லாத மெல்லிய கம்பியை ஐந்தாறு சுற்று சுற்றுகிறேன். அதன் மேல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டிக் கம்பி நகராதபடி இறுக்கியபின், செனீல் எனப்படும் மெத்தென்ற கயிற்றைப் பின்னாலிருந்து முன்னோக்கிச் சுற்றுகிறேன். பக்கத்துக்கு இரண்டாக ரப்பர் கால்களை வைத்துக் கட்டி, தலையைச் சிறிதாக முடிக்கிறேன். இதில் எல்லாம் அந்தக் கம்பியின் இடத்தைப் பொறுத்தது. அது நடுவில் இருந்தால் ஃபிளை கிடைமட்டமாக, தயங்கித் தயங்கி இறங்கும். ஓர் அடி ஆழம் போக இரண்டு மூன்று விநாடி எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் முழுவதும் கால்கள் விரிந்து மடங்கி அசைந்துகொண்டே இருக்கும். அதே எடையைத் தலைப்பக்கம் மணியாகக் கோத்தால் ஃபிளை தலைகுப்புறப் பாயும், கால்கள் உடலோடு ஒட்டிக்கொள்ளும். ஆழமான தண்ணீரில் மணி வைத்த ஃபிளைக்கும் வேலை உண்டு. கரையோரப் புல்லை ஒட்டி நிற்கும் மீனுக்கு அது ஆகாது. கட்டி முடித்ததும் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிரப்பி அதில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். இறங்கும் விதம் சரியில்லையென்றால் பிளேடால் எல்லாவற்றையும் அறுத்தெடுத்து அதே முள்ளில் மறுபடியும் கட்டிவிடுகிறேன்.

கால்களுக்கான பொருளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நீண்ட காலப் பயன்பாட்டில்தான் அதன் உண்மைக் குணம் வெளிப்படுகிறது. இயற்கை ரப்பரால் ஆன உருண்டைக் கால்கள் தண்ணீரில் அசையும் அழகுக்கு ஈடில்லை. முள் நின்றபின்னும் சில கணங்கள் அவை துடித்துக்கொண்டிருக்கும். ஆனால் டெக்சஸ் வெயிலை அவை தாங்குவதில்லை. கோடையில் காருக்குள் விட்டுவந்த பெட்டியைத் திறந்தால் கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுத்திருக்கும். வெளிச்சம் படும் இடத்தில் வைத்த பொட்டலத்தில் வெடிப்பு விழுந்து, இழுத்தவுடன் அறுந்துபோகும். சிலிகான் கால்கள் அவற்றைவிடச் சற்று விறைப்பானவை, ஆனால் வெயிலுக்கு அசைந்துகொடுப்பதில்லை. நாலைந்து கோடை கண்ட ஃபிளைகளில்கூட அவை முழுதாக இருக்கின்றன. அசைவு குறையாமலிருக்க அவற்றின் மெல்லிய ரகத்தை வாங்கி, உடலின் நீளத்தைப்போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாக வெட்டுகிறேன். அதற்கும் கட்டையாக வெட்டினால் கால் குச்சியாக நிற்கும். இன்று என் மேசையில் இயற்கை ரப்பர் கால்கள் ஓரிரு பொட்டலமே இருக்கின்றன, அவையும் இழுப்பறையின் இருட்டில். வேனிற்காலத் தொடக்கத்தில், ஆண் புளூகில்கள் ஆழமற்ற இடங்களில் தட்டுப் போன்ற கூடுகளைத் தோண்டிக் காவல் நிற்கும் வாரங்களுக்கு மட்டும் அவற்றை எடுக்கிறேன்.

மிதக்கும் ஃபிளைகளில் ஃபோம் வெற்றிபெற்றுவிட்டது என்றே சொல்வேன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்னசி மாநிலத்தின் சாட்டனூகாவைச் சேர்ந்த எர்னஸ்ட் பெக்கின்பா தக்கையைச் செதுக்கி மிதக்கும் பூச்சிகள் செய்தார். வெதுநீர் மீன்பிடிப்பில், இழுத்தால் தண்ணீரைத் தெறிக்கவைக்கும் மிதவை ஃபிளையான பாப்பர் பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அதன்பின் மான் மயிரும் தக்கையும் நெடுங்காலம் அருகருகே நின்றன. உள்ளே கூடான மான் மயிரை நூலால் இறுக்கும்போது அது நாலாபுறமும் விரிந்து நிற்பதும், அதைப் பிளேடால் சீவிச் சீவி உருக்கொடுப்பதும் பார்க்கவே இனிய வேலை. எனினும் சிறு புளூகில் ஃபிளைக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. மான் மயிர் சில மீன்களுக்குப் பிறகு நீரை உறிஞ்சிக் கனத்துப்போகும், காயவைத்துத்தான் மறுபடி எறிய வேண்டும். 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஃபோம் தாளோ, பிள்ளைகளின் கைவேலைப் பொருள்கள் விற்கும் கடையில் சில டாலருக்குக் கிடைக்கிறது, கிழிந்தாலும் மிதக்கும்.

ஃபோமுக்கு உள்ள ஒரே தொல்லை, முள்ளின் தண்டைச் சுற்றி அது உருள்வதும் மெல்லிய நூல் அதை அறுப்பதும்தான். 140 டெனியருக்கு (நூலின் பருமனைக் குறிக்கும் அளவு) குறைந்த நூலை நான் ஃபோமுக்குப் பயன்படுத்துவதில்லை. முதலில் வெறும் முள்ளில் நூலை அடுக்கடுக்காகச் சுற்றி ஒரு சொரசொரப்பான படுக்கை அமைத்து, அதன்மேல் ஒரு துளி சூப்பர் குளூ இட்டு, ஃபோம் பட்டையை வைத்து, முதல் இரண்டு சுற்றைத் தளர்வாகவும் மூன்றாவதை மெல்ல இறுக்கியும் போட்டால் அது அசையாது. இப்படிக் கட்டிய கறுப்பு வண்டு, மீன்களின் நுண்ணிய பற்களால் மேற்பரப்பு பஞ்சாகிப்போன பிறகும், பிடித்துக்கொண்டே இருக்கிறது. அதன் முதுகில் சிறு மஞ்சள் ஃபோம் துண்டு ஒன்றை ஒட்டுவது மீனுக்காக அன்று. மாலை வெளிச்சத்தில் நம் கண்ணுக்குத் தெரிவதற்காக. பாஸ்டனைச் சேர்ந்த ஜாக் கார்ட்சைடு வடிவமைத்த கர்க்ளர் என்ற ஃபிளையையும் இதே தாளிலிருந்து கட்டலாம்: பட்டையை முதுகின் மேல் மடித்து முன்புறம் சிறு உதடு போல நீட்டிவிட்டால், இழுக்கும்போதெல்லாம் அது தண்ணீரைக் குமிழியிட வைக்கும்.

மயிற்பீலியின் இழைகளுக்கு என் மேசையில் தனி இடம் உண்டு. பச்சையும் செம்பும் கலந்த அந்த மினுமினுப்பை எந்தச் செயற்கை இழையும் எனக்குத் தரவில்லை. எறும்புக்கும் வண்டுக்கும் அதைவிட நல்ல உடல் கிடையாது. குறை என்னவென்றால், ஒற்றை இழை இரண்டு மூன்று கடியில் அறுந்து அவிழ்ந்துவிடும். மூன்று நான்கு இழைகளைக் கட்டும் நூலோடு சேர்த்து முறுக்கி, கயிறாக்கிச் சுற்றி, அதன்மேல் எதிர்த்திசையில் மெல்லிய செப்புக் கம்பியை ஓட்டினால் அது பலமடங்கு நீடிக்கிறது. ஊரிலிருந்து வரும் உறவினரிடம் மயிலிறகு கொண்டுவரச் சொல்லும் எண்ணம் நம்மவர்களுக்கு எழுவது இயல்பு. இந்தியாவிலிருந்து மயிலிறகை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத் தடை இருப்பதால் அதைச் செய்ய வேண்டாம். இங்குள்ள கடைகளில் விலை குறைவாகவே கிடைக்கிறது.

நீருக்கடியில் நீந்தும் இளம்பருவங்களுக்கு மராபூ எனப்படும் பஞ்சுபோன்ற மென் இறகை விஞ்சியது இல்லை. தட்டானின் இளம்பருவம் உடலின் பின்புறத்திலிருந்து நீரைப் பீய்ச்சி விட்டுவிட்டுப் பாயும். ஊசித்தட்டானின் இளம்பருவம் பக்கவாட்டில் நெளிந்து நீந்திப் புல்தண்டை நோக்கிப் போகும். இவ்விரண்டு நடையையும் கையால் இழுத்துக் காட்டுவதற்குத் தளர்வான, மெல்லிய உடல் வேண்டும். ஆலிவ் நிற மராபூவைக் கொஞ்சமாக எடுத்து, முள்ளின் நீளத்தில் பாதிக்கு மேல் போகாதபடி வாலைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் விரலால் கிள்ளி எடுக்க வேண்டும். வெட்டினால் நுனி மழுங்கிவிடும். கண்களுக்கு வன்பொருள் கடையில் விற்கும் விளக்கு இழுக்கும் மணிச்சங்கிலியில் இரண்டு மணிகளைத் துண்டித்துக் கட்டுகிறேன். விலை மிகக் குறைவு, எடையும் அளவானது.

பாஸ் மீனுக்கு வரும்போது கதை வேறு. டெக்சஸுக்கே உரியதும், 1989-இல் மாநில மீனாக அறிவிக்கப்பட்டதுமான குவாடலூப் பாஸ் ஓடும் நீரை விரும்புவது. லானோ ஆற்றின் பாறை இடுக்குகளில் ஹெல்கிரமைட் என்ற நீர்வாழ் பூச்சிப் புழுவைப் போலக் கட்டிய கறுப்பு ஃபிளையை 6-ஆம் எண் முள்ளில் ஆற்றின் அடித்தரையை ஒட்டி உருட்டினால் தயங்காமல் எடுக்கும். லார்ஜ்மௌத்துக்கு மான் மயிரை நான் கைவிடவில்லை. லாரி டால்பெர்கின் பெயரால் வழங்கும் டைவர், கூம்பு வடிவத் தலையாலும் அதன் பின்னுள்ள விரிந்த கழுத்துப்பட்டையாலும், இழுத்தால் மூழ்கி, விட்டால் மேலெழும். அந்த மென்மையான எழுச்சியை ஃபோம் தருவதில்லை. பாசி நிறைந்த இடங்களுக்கு முள்ளின் முன் ஒரு தடித்த நைலான் வளையத்தைக் கட்டிவிட்டால் சிக்கல் குறையும்.

கருவிகளுக்கு அதிகம் செலவிட வேண்டாம். முள்ளை நழுவவிடாமல் பிடிக்கும் வைஸ் என்ற இடுக்கிக் கருவி, நூல்கண்டைத் தாங்கும், விளிம்பு மழுமழுப்பான பாபின், இறகுக்கென்று தனியாக ஒரு கூரிய கத்தரிக்கோல் போதும். ஃபோமையும் கம்பியையும் வேறு பழைய கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பாபின் குழாயின் நுனியில் சிறு பிசிறு இருந்தாலும் நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பதால், பணம் கொஞ்சம் கூடினாலும் பீங்கான் குழாயுள்ளதையே வாங்கலாம். வாங்கிய இறகுகளை மேசைக்குக் கொண்டுவருமுன் இறுக மூடிய பையில் சில நாள் ஃபிரீசரில் வைப்பது நல்லது. அஞ்சலில் வந்த ஒரு கோழிக் கழுத்துத் தோலில் இறகு தின்னும் புழுக்கள் இருந்ததைக் கண்டபின் இதை நான் தவறவிடுவதில்லை.

முள்ளைப் பற்றி இரண்டு செய்திகள். உடல் தடித்த மிதவை ஃபிளைகளில் ஃபோம் முள்ளின் வாயை அடைத்துக்கொண்டால் மீன் கடித்தும் குத்தாது. ஆகவே ஃபோமைத் தண்டின் மேற்புறமாகவே உயர்த்திக் கட்டி, கூர்நுனிக்கும் உடலுக்கும் இடையே போதிய இடைவெளி விட வேண்டும். அடுத்தது, நுனியிலுள்ள எதிர்க்கொக்கியை வைஸில் பூட்டுவதற்கு முன்பே இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும். புளூகில் சில வேளை ஃபிளையைத் தொண்டைவரை உறிஞ்சிவிடும். எதிர்க்கொக்கி இல்லாத முள்ளென்றால் ஒரு சிறு இடுக்கியால் நொடியில் கழற்றி, மீனைச் சேதமின்றித் தண்ணீரில் விடலாம். கட்டிய பிறகு நசுக்கினால் சில முட்கள் அந்த இடத்திலேயே முறியும். அரைமணி நேர வேலை அதோடு போய்விடும்.