பேத்தையும் முட்பேத்தையும்

உடலை ஊதிப் பெருக்கும் மீன்கள் என்பதால் பேத்தையையும் முட்பேத்தையையும் பலரும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். ஆனால் அவை இரு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. வாயைப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். பேத்தையின் பற்கள் தாடைக்கு இரண்டாக நான்கு தகடுகளாய் அமைந்திருக்க, முட்பேத்தைக்கோ தாடைக்கு ஒன்றாக, நடுவில் பிளவில்லாத இரண்டே தகடுகள், கிளியின் அலகைப் போல் இருக்கும்.

முட்பேத்தையின் சிறப்பு அதன் தோலில்தான் இருக்கிறது. அமைதியாக நீந்தும்போது நீண்ட முட்கள் வாலை நோக்கிச் சாய்ந்து உடலோடு ஒட்டிக் கிடக்கின்றன. பெரிய கண்கள் அதற்குச் சாதுவான முகத்தைத் தருகின்றன. அச்சம் தோன்றியதும் அது நீரை மடமடவென விழுங்கி இரைப்பையை நிரப்ப, தோல் விறைத்து, செதில்களின் மாற்றுருவமான அம்முட்கள் எல்லாத் திசையிலும் குத்திட்டு நிற்கின்றன. விலா எலும்புகள் இல்லாதது உடல் இவ்வாறு உருண்டையாக விரியத் துணைசெய்கிறது. இதே குடும்பத்தில், குட்டையான முட்கள் எப்போதும் நிமிர்ந்தே இருக்கும் இனங்களும் உண்டு.

பேத்தையும் இவ்வாறே ஊதும் என்றாலும், அதன் தோலில் சிறு முட்களே காணப்படும். சில இனங்களில் அவையும் இல்லை. அதன் பெரிய அரண் நஞ்சு. ஈரலிலும் சினைப்பையிலும் மிகுதியாகச் சேரும் டெட்ரோடோடாக்சின் என்னும் அந்நஞ்சு, நரம்புகள் செய்தி கடத்தத் தேவையான சோடியம் நுழையும் வழிகளை அடைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. அதற்கு மாற்றுமருந்து கிடையாது. ஆயினும் நஞ்சு வாயில் பட்ட பிறகே பகைவனை விலக்கும். முள்ளோ கவ்வும் முன்பே தடுத்துவிடும் என்பதால், முட்பேத்தையின் காப்பையே நான் மேலானதாகக் கருதுகிறேன். ஊதிய நிலையில் இரண்டுமே விரைந்து நீந்த இயலாமல் தத்தளிக்கின்றன.