வேளாண் ஆணையர்: ஓட்டில் வந்தவரா, ஆளுநர் நியமித்தவரா?

அமெரிக்காவில் 12 மாநிலங்கள் வேளாண் ஆணையரை, அதாவது மாநில வேளாண் துறையின் தலைவரை, தேர்தல் வைத்தே தேர்ந்தெடுக்கின்றன. அதில் ஃபுளோரிடாவும் ஒன்று. கலிஃபோர்னியாவில் அந்தப் பொறுப்பில் இருப்பவர் ஆளுநர் நியமிக்கும் செயலாளர். (அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டில் வருபவர், நம்மூர் முதல்வர் மாதிரி.)

ஃபுளோரிடா ஆணையருக்கு வயலோடு வேலை முடிவதில்லை. பெட்ரோல் பம்ப் அளவு சரியா என்று பார்ப்பதும், மறைத்து எடுத்துச்செல்லும் துப்பாக்கிக்கு உரிமம் தருவதும் அவருடைய துறைதான். (துப்பாக்கிக்கும் தக்காளிக்கும் என்ன சம்பந்தமோ!) 2019-இல் பதவிக்கு வந்த நிக்கி ஃபிரைட், பம்ப் ஆய்வு ஸ்டிக்கரில் தன் படத்தையே அச்சிட்டார். பெட்ரோல் போடும்போதெல்லாம் அவர் முகம்! பலருக்கு எரிச்சல். அப்புறம் 2022-இல் ஆளுநர் பதவிக்குக் குறிவைத்து, கட்சியின் உள்தேர்தலிலேயே தோற்றார். ஆனால் ஒன்று: அவர் ஜனநாயகக் கட்சி, ஆளுநர் ரான் டிசாண்டிஸ் குடியரசுக் கட்சி. அமைச்சரவையில் உட்கார்ந்துகொண்டே ஆளுநரை வெளிப்படையாக எதிர்த்தார். அவரும் ஓட்டில் வந்தவர் என்பதால் ஆளுநரால் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை.

கலிஃபோர்னியாவில் அந்தச் சண்டைக்கே இடமில்லை. கேரன் ராஸை 2011-இல் அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் செயலாளராக நியமித்தார். அடுத்து வந்த கவின் நியூசமும் அவரையே வைத்துக்கொண்டார். ஓட்டுக் கவலை இல்லாததால் வேலை தொடர்ச்சியாக நடக்கும். ஆனால் விவசாயிக்குக் கோபம் வந்தால் நேராக அவரை மாற்ற வழியில்லை, ஆளுநரைத்தான் மாற்ற வேண்டும்.

எனக்கு நியமனம்தான் பிடிக்கிறது. பம்ப் சரியாக அளக்கிறதா என்று சொல்ல ஸ்டிக்கர் போதும், முகம் எதற்கு?