மறைப்பவர், துடைப்பவள், தேடும் அப்பாக்கள்: மூன்று த்ரில்லர் நாவல்கள்

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மாத நாவல் வாங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடுகிற பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று ‘கொன்றது யார்’ என்ற கேள்வியைக் கடைசிப் பக்கம் வரை இழுத்துப் போனவர்கள் ஒரு பக்கம். இதே மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன், செய்தது சாமியா மனுஷனா என்ற கேள்வியை வைத்தே நம்மைக் கட்டிப்போட்டார். அந்த ருசியோடு வெளிநாட்டு த்ரில்லர் பக்கம் போக நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: எதை முதலில் எடுப்பது?

நான் மூன்றைச் சொல்வேன். ஜப்பான், நைஜீரியா, அமெரிக்கா. மூன்றையும் ஆங்கிலத்தில்தான் படித்தேன். தன் ஆளுக்காக ஒருவர் எதுவரை போவார் என்பதுதான் மூன்றிலும் நம்மைப் பதற வைக்கிறது.

வயதில் மூத்தது கெய்கோ ஹிகாஷினோவின் ‘த டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’. ஜப்பானில் 2005-ல் வந்து, அங்கே பெரிதாக மதிக்கப்படும் நவோகி இலக்கியப் பரிசை வாங்கியது. ஆங்கிலத்துக்கு 2011-ல் வந்தது. கணவனை விட்டு விலகி மகளோடு வாழும் யாசுகோவை அந்தப் பழைய கணவன் தேடி வந்து தொல்லை கொடுக்கிறான். கைகலப்பாகி, தாயும் மகளுமாக அவனைக் கொன்றுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் இஷிகாமி வந்து நிற்கிறார். இனி எல்லாம் என் பொறுப்பு என்கிறார். அவள் வேலை பார்க்கும் கடையில் மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்குவது, அதைத் தவிர இருவருக்கும் பெரிய பழக்கம் கிடையாது.

ஆக, கொன்றது யார் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. முகம் சிதைந்து, விரல் ரேகை எரிக்கப்பட்ட பிணம் ஒன்று போலீசுக்குக் கிடைக்கிறது. அப்புறம் என்ன மிச்சம் என்று நினைப்பீர்கள். தேர்வுக்குக் கேள்வி எடுப்பது பற்றி இஷிகாமி ஓரிடத்தில் பேசுவார்: பார்த்தால் ஜியோமெட்ரி மாதிரி இருக்கும், போட்டுப் பார்த்தால் அது வேறு வகைக் கணக்காக இருக்கும். இந்த நாவலைக் கட்டியிருப்பதும் அதே முறையில்தான். அவர் ஆற்றங்கரை ஓரமாகப் பள்ளிக்கு நடந்து போகும் ஆரம்பப் பக்கங்களை வெறும் வர்ணனை என்று தாண்டிவிடாதீர்கள். கட்டுமானம் என்று பார்த்தால் மற்ற இரண்டும் இதன் கிட்டே வர முடியாது. முடிவு தெரிந்த பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தேன். பொய் சொன்ன வரி ஒன்றுகூட இல்லை.

ஓயின்கன் பிரெய்த்வெய்ட்டின் ‘மை சிஸ்டர், த சீரியல் கில்லர்’ 2018-ல் வந்தது, அடுத்த ஆண்டு புக்கர் நெடும்பட்டியலில் இடம்பிடித்தது. நைஜீரியாவின் லேகோஸ் நகரத்தில் அக்கா கொரேடே ஒரு நர்ஸ். அழகியான தங்கை அயூலாவின் காதலர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், ஒவ்வொரு முறையும் போன் அக்காவுக்குத்தான் வரும். குளியலறையில் மண்டியிட்டு, ப்ளீச் ஊற்றி, எங்கெல்லாம் ரத்தம் ஒளிந்திருக்கும் என்று யோசித்து யோசித்து அவள் துடைக்கும் பக்கங்களில் எந்த அலறலும் இல்லை. பத்துப் பாத்திரம் தேய்ப்பது போல வேலை நடக்கிறது, அதனாலேயே நெஞ்சு அடைக்கிறது.

இஷிகாமியையும் கொரேடேயையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அவர் தன்னைத் தானாகவே கொடுக்கிறார். இவள் மாட்டிக்கொண்டவள். பொறாமை, எரிச்சல், சின்ன வயதில் அப்பாவிடம் வாங்கிய அடியின் ஞாபகம், எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பாசம். ‘நீ பெரியவள், நீதான் பார்த்துக்கணும்’ என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட அக்காக்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அவர்களுக்கு கொரேடேயை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலம் படிக்கத் தயங்குகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். அத்தியாயங்கள் சின்னச் சின்னவை, வாக்கியங்கள் எளிமையானவை. புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போட்டித் தேர்வுக்காக வரும் பிள்ளைகள், ஆங்கிலம் பழக எதைப் படிக்கலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். காலையில் வைகையில் ஏறினால் விழுப்புரம் வருவதற்குள் முடித்துவிடலாம். குறை ஒன்று உண்டு: அயூலா கடைசி வரை வெளியிலிருந்து பார்க்கப்படுகிறவளாகவே இருந்துவிடுகிறாள்.

மூன்றாவது எஸ்.ஏ. காஸ்பியின் ‘ரேஸர்ப்ளேட் டியர்ஸ்’, 2021. இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். வர்ஜீனியா மாநிலம். கறுப்பர் ஐக், வெள்ளையர் பட்டி லீ, இருவரும் ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள். இவர்களின் மகன்கள் இருவரும் ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு பெண் குழந்தையோடு வாழ்ந்தவர்கள். அந்த இரண்டு பிள்ளைகளையும் யாரோ சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். உயிரோடு இருந்தவரை மகன்களை ஏற்றுக்கொள்ளாத அப்பாக்கள் இப்போது கொலையாளியைத் தேடிக் கிளம்புகிறார்கள். பட்டி லீ வந்து கூப்பிடும்போது ஐக் மறுத்துவிடுகிறார். பிள்ளைகளின் கல்லறைக் கல்லை யாரோ உடைத்து அசிங்கப்படுத்திய பிறகுதான் இறங்குகிறார்.

சாதி விட்டுச் சாதி கல்யாணம் கட்டிய பிள்ளையை வாசற்படி ஏற விடாத அப்பாக்களை நம் பக்கத்துக் கிராமங்களில் பார்த்திருக்கிறோம். பிள்ளை போன பிறகு படத்துக்கு மாலை போட்டு அழுவதையும் பார்த்திருக்கிறோம். அந்த அழுகையை இவ்வளவு நெருக்கமாக எழுதிய த்ரில்லர் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. காரில் போகும்போது இருவரும் பேசிக்கொள்ளும் இடங்கள்தான் இதன் உயிர். ‘நான் ஒருதடவை சரி என்று சொல்லியிருந்தால்’ என்ற நினைப்பு இருவரையும் விடுவதில்லை. நிறம் பற்றி பட்டி லீ விவரமில்லாமல் பேசுவார். ஐக் உடனே மடக்குவார். அந்த வாக்குவாதத்தை ஆசிரியர் ஒரே பேச்சில் முடித்துவைக்கவும் இல்லை.

ஹிகாஷினோ அளவுக்குச் செதுக்கிய கதை இல்லை இது. பின்னாலிருக்கும் ஆள் யார் என்பதைப் பாதியிலேயே பழகிய வாசகர் பிடித்துவிடுவார். அடிதடியும் ரத்தமும் தேவைக்கு மேல், கெட்ட வார்த்தைகளும் ஏராளம். பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அமெரிக்கத் தென்பகுதிப் பேச்சு வழக்கு முதல் ஐம்பது பக்கம் கொஞ்சம் படுத்தும். ஆனாலும் நம்மூர் வாசகர் ஒருவர் ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன் என்றால் நான் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். பிடித்துப்போனால் காஸ்பியின் 2023 நாவல் ‘ஆல் த சின்னர்ஸ் ப்ளீட்’ இருக்கிறது. அதில் ஒரு கறுப்பின ஷெரீஃப் (உள்ளூர்ப் போலீஸ் தலைவர்) தன் சொந்த ஊரிலேயே துப்புத் துலக்குகிறார், கதையின் முடிச்சும் இதைவிட இறுக்கம்.