பேவுல்ஃபா, சாசரா, காவெய்னா: அறம் பற்றிய கட்டுரைக்கு எதை எடுப்பது?

ஆரம்பகால ஆங்கில இலக்கியத்தில் பாத்திரமும் அறமும் என்று ஆய்வுத் தலைப்பு வந்துவிட்டால், பெரும்பாலும் நான்கு நூல்கள்தான் கைக்கு வரும்: பேவுல்ஃப், சாசரின் கேன்டர்பரி கதைகள், எவ்ரிமேன் நாடகம், சர் காவெய்னும் பச்சை வீரனும். முதுகலைக் கட்டுரைக்கு நான் எடுத்தது காவெய்ன். மறுபடி எழுதச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன். ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

எவ்ரிமேனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 15ஆம் நூற்றாண்டின் இறுதிக்கால ஒழுக்க நாடகம், சுமார் 900 வரி. மரணம் வந்து அழைக்கிறது. நட்பு, சுற்றம், செல்வம் எல்லாம் கையை விரிக்கின்றன. நற்செயல் மட்டும் கல்லறைவரை கூட வருகிறது. அறத்துக்குப் பஞ்சமில்லை, பாத்திரத்துக்குத்தான் பஞ்சம். பெயரே குணமாக இருக்கும்போது அந்த ஆளைப் பற்றி ஆராய என்ன மிஞ்சும்? டச்சு தெரிந்தவர்கள் இதே கதையின் டச்சு நாடகத்தோடு ஒப்பிட்டு எழுதலாம். அது வேறு கட்டுரை.

பேவுல்ஃப் அப்படியல்ல. 3182 வரிகளில் நல்ல தீனி இருக்கிறது. கிரெண்டல் என்ற அரக்கனின் தாயைக் கொன்று திரும்பும் இளம் வீரனுக்கு, அகந்தை பிடித்துவிடாதே என்று கிழட்டு அரசன் ஹ்ரோத்கார் நீளமாகப் புத்தி சொல்கிறான். 50 ஆண்டுகள் ஆண்ட பிறகு பேவுல்ஃப் டிராகனோடு தனியாக மோதிச் சாகிறான். அது கடமையா, அந்த அகந்தையேதானா என்று கேட்டாலே ஒரு கட்டுரை பிறந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில். பாத்திரங்கள் கிறித்தவத்துக்கு முந்தையவர்கள், கதை சொல்பவனோ கிறித்தவன். அவன் எந்த நூற்றாண்டுக்காரன் என்பதில் அறிஞர்கள் 8க்கும் 11க்கும் இடையே இழுபறியில் இருக்கிறார்கள். அறத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேச்சு காலக்கணிப்புக்குப் போய்விடும். பழைய ஆங்கிலம் எனக்குத் தெரியாது, சீமஸ் ஹீனியின் மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். எனவே இந்தப் பத்தியை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

யாத்திரை போகும் கூட்டம் கதை சொல்லிக்கொண்டே செல்லும் சாசரின் நூலில் எல்லோரையும் இழுப்பது பார்டனர், பாவமன்னிப்புச் சீட்டு விற்பவன். பேராசைக்கு எதிராகப் பேசியே பணம் பறிக்கிறேன் என்று அவனே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறான். படிக்கச் சுகம்தான். ஆனால் குற்றவாளியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகு நாம் கண்டுபிடிக்க அதிகம் இல்லை. விடுதிக்காரன் அவனைக் கொச்சையாகத் திட்டுகிறான், யாத்திரிகர்களில் ஒருவரான வீரர் தலையிட்டு, அந்த இருவரையும் முத்தமிட வைத்துச் சமாதானம் செய்கிறார், பயணம் தொடர்கிறது. தீர்ப்பு என்று யாரும் எதுவும் சொல்வதில்லை. அப்புறம், சாசரைப் பற்றி ஏற்கெனவே எழுதிக் குவித்திருப்பதைப் பார்த்தால் மலைப்பு தட்டும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்த அளவுகோலும் அதுதான்: பாத்திரத்தின் தவறுக்கு நூலுக்குள்ளேயே எத்தனை தீர்ப்புகள் இருக்கின்றன? ஒன்றுதான் என்றால் நாம் கதைச்சுருக்கம் எழுதிவிட்டு அதற்கு ஆமாம் போடுவோம். எதுவுமே இல்லை என்றால் நம் தீர்ப்பை அதன் தலையில் கட்டுவோம். ஒன்றுக்கு மேல் இருந்து, அவை ஒன்றோடொன்று முரண்பட்டால்தான் வாதம் செய்ய இடம் கிடைக்கிறது.

காவெய்னில் மூன்று இருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெயர் தெரியாத கவிஞர் எழுதிய 2530 வரிகள். ஆர்தர் அரசனின் வீரனான காவெய்னுக்கு விருந்தளிக்கும் கோட்டைத் தலைவன் ஓர் ஒப்பந்தம் போடுகிறான்: நான் வேட்டையில் பெறுவது உனக்கு, நீ வீட்டில் பெறுவது எனக்கு. மூன்று நாளும் அவன் மனைவி காவெய்னின் படுக்கையறைக்கு வருகிறாள். வாங்கிய முத்தங்களை அவன் தலைவனிடம் ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கிறான். மூன்றாம் நாள் அவள் தந்த, உயிரைக் காக்கும் என்று சொன்ன பச்சை இடுப்புக் கச்சையை மட்டும் மறைத்துவிடுகிறான். முன்பு பச்சை வீரனின் தலையை வெட்டியதற்குப் பதிலாக, அவனுடைய கோடரிக்குத் தன் தலையைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டதே! கடைசியில் பச்சை வீரனே அந்தத் தலைவன் என்று தெரிகிறது. கோடரி கழுத்தில் ஒரு கீறலோடு நிற்கிறது.

இனித் தீர்ப்புகள். சிறு குறைதான், உயிர்மேல் ஆசைப்பட்டாய், அதனால் அதிகம் பழிக்கமாட்டேன் என்கிறான் பச்சை வீரன். காவெய்னோ கோழைத்தனம், பேராசை என்று தன்னையே கடுமையாகத் திட்டிக்கொண்டு, கச்சையை அவமானச் சின்னமாக அணிகிறான். ஆர்தரின் அவை சிரித்துவிட்டு, அதே கச்சையை எல்லோரும் பெருமையாக அணியலாம் என்று முடிவு செய்கிறது. யார் சொல்வது சரி என்று கவிஞர் சொல்வதில்லை. என் கட்டுரை முழுக்க இந்த இடைவெளியில்தான் நின்றது.

இதற்குள் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. கச்சையை ஒளித்து வைத்த கையோடு காவெய்ன் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கிறான். அவர் அவனை முற்றிலும் தூய்மையாக்கி அனுப்பினார் என்கிறது கவிதை. கச்சையைத் திருப்பித் தராமல் செய்த பாவ அறிக்கை செல்லாது என்று வாதிட்டார் இலக்கிய அறிஞர் ஜான் பரோ, 1965இல். அதற்கு முன்பே, 1953இல் கிளாஸ்கோவில் ஆற்றிய உரையில் டோல்கீன் வேறு விதமாகச் சொல்லியிருந்தார்: அந்தப் பரிமாற்றம் விளையாட்டு விதி, பாவத்தின் கணக்கில் வராது, அறிக்கை நேர்மையானதே. நான் பரோ பக்கம் சாய்ந்தேன். ஆனால் டோல்கீனுக்குப் பதில் சொல்லத்தான் அதிகப் பக்கங்கள் செலவாயின.

சிரமமும் உண்டு. வடமேற்கு மிட்லண்ட்ஸ் வட்டாரமொழி, சாசரின் லண்டன் ஆங்கிலத்தைவிடக் கரடுமுரடானது. உண்மை தெரிந்ததும் காவெய்ன் ஆதாம், சாம்சன், தாவீது என்று அடுக்கிப் பெண்கள்மேல் பழி போடும் இடத்தையும், எல்லாவற்றுக்கும் பின்னால் மோர்கன் லெ ஃபே என்ற மந்திரக்காரி இருக்கும் விஷயத்தையும் நான் ஒரு பத்தியில் கடந்துவிட்டேன். பெண்ணிய வாசிப்புக்கு இந்நூல் எவ்வளவு தாங்கும் என்பதை அதில் உழைத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

எடுப்பதாக இருந்தால், டோல்கீனும் கோர்டனும் 1925இல் பதிப்பித்து, நார்மன் டேவிஸ் 1967இல் திருத்திய பதிப்பிலிருந்து வரி எண்ணோடு மேற்கோள் காட்டுங்கள். பக்கத்தில் ஏதாவது ஒரு நவீன மொழிபெயர்ப்பு இருக்கட்டும். நேரம் குறைவு என்றால் நான்காம் பகுதியையும், 1876ஆம் வரியில் தொடங்கும் பாவமன்னிப்புக் காட்சியையும் மட்டும் மூலத்தில் ஊன்றிப் படித்தால் போதும், மற்றதை மொழிபெயர்ப்பில் பார்த்துக்கொள்ளலாம்.